இணைய அவதூறு: பதிவை நீக்கச் சொல்வதற்கு முன்

போன வெள்ளிக்கிழமை மாலை என் ஜூனியர் வழக்கறிஞர் ஒருவர் முகமெல்லாம் மலர்ச்சியோடு அறைக்குள் வந்தார். "மேடம், அந்தப் பதிவைத் தூக்கிவிட்டார்கள்" என்றார். அன்று காலையில்தான் கட்சிக்காரர் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார். கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர். கெட்டுப்போன இறைச்சியைப் பந்தியில் போட்டார் என்று பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து எழுதியிருந்தார்கள். இரண்டு முகூர்த்தத்துக்கு வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை அவருக்கு வந்துவிட்டது.

"நீக்குவதற்கு முன் என்ன எடுத்து வைத்தீர்கள்?" என்று கேட்டேன். கட்சிக்காரரின் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்றார். வாங்கிப் பார்த்தேன். அது அவர் எடுத்ததே அல்ல, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. லிங்க் இல்லை. கணக்கின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் "3 மணி நேரத்துக்கு முன்" என்று இருந்தது. எந்த நாளின் மூன்று மணி நேரம்?

எனக்கு வந்த கோபம் அந்தப் பிள்ளை மீதானது அல்ல. 2011இல் நானும் இதையேதான் செய்தேன். இந்தத் துறைக்குள் வருகிற ஒவ்வொரு இளம் வழக்கறிஞரும், வழக்கறிஞர் இல்லாமல் தாமே சமாளிக்கப் பார்க்கிற பொதுமக்களும், இதே குழியில் விழுவதைப் பார்க்கிறேன். பதிலுக்குத் திட்டாதீர்கள், கோபத்தில் எழுதாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிரிவு 66ஏ

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் இந்தப் பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. நோட்டீஸில் எழுதாதீர்கள்.

சாட்சியத்தை எடுத்து வைக்காமல் நீக்கச் சொல்வது

2011இல் ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தார். கேள்வித்தாளை விற்றார் என்று பெயர் மறைத்த ஒரு கணக்கில் அவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான் தொழிலுக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் கண்ணீரைப் பார்த்ததும், முதலில் அது மறைய வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. தளத்துக்குப் புகார் அனுப்பினேன். அதோடு நிற்காமல், அந்தக் கணக்குக்கே என் கணக்கிலிருந்து வக்கீல் நோட்டீஸை அனுப்பி வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் பதிவும் இல்லை, கணக்கும் இல்லை. ஆசிரியை கையெடுத்துக் கும்பிட்டார்.

கையில் மிஞ்சியவை இரண்டு தாள்கள். அவருடைய தம்பி ஒரு பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். தாளின் அடியில் இணைய முகவரி பாதி தூரம் ஓடி மூன்று புள்ளிகளில் முடிந்திருந்தது. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால்தான் கணக்கின் எண் இருந்தது. முழு முகவரி இருந்திருந்தால், யார் அந்தக் கணக்கைத் தொடங்கியது, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண் அடையாளம்) நுழைந்தார் என்று தளத்திடம் நீதிமன்றம் வழியாகக் கேட்டிருக்கலாம். அது இல்லாமல், சந்தேகத்துக்குரிய சக ஊழியர் ஒருவர் மீது மானநஷ்ட வழக்குப் போட்டோம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சட்டமும் இறுகியது. 2014 செப்டம்பர் 18 அன்று அன்வர் எதிர் பஷீர் வழக்கில், மின்னணுப் பதிவின் நகலுக்கு, அது எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிகூறும் சான்றிதழ் (பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி) கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிண்ட் எடுத்த தம்பி அதற்குள் வளைகுடாவுக்குப் போயிருந்தார். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செருப்புக்கடை வந்துவிட்டது. சான்றிதழில் கையெழுத்துப் போட ஆளில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளை ஆசிரியையிடம் கொடுத்து, "இந்த முகவரியை முழுதாகப் படியுங்கள்" என்றார். அவர் படித்தார். புள்ளிகள் வந்த இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார்.

வழக்கு தள்ளுபடியானது. நீதிமன்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தவறு என்னுடையது. ஊரில் இருந்தவர்களுக்கோ அது வேறு விதமாகப் புரிந்தது. "கோர்ட்டிலேயே நிற்கவில்லையாமே, அப்படியானால் உண்மைதான் போலிருக்கிறது" என்றார்கள். பதிவு தொடங்கிவைத்ததை என் அவசரம் முடித்துவைத்தது.

அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். பதிவு இன்னும் ஒரு நாள் இருந்தால் கட்சிக்காரருக்கு வலிக்கும், உண்மை. ஆனால் எடுத்து வைக்க ஒரு மணி நேரம் போதும், அந்த ஒரு மணி நேரத்தை அவரிடம் கெஞ்சியாவது வாங்குங்கள்.

போனில் வேண்டாம், கணினியில் திறங்கள். பதிவின் முழு லிங்க்கையும், கணக்கின் முகப்புப் பக்க லிங்க்கையும் தனித்தனியாக எடுத்து எழுத்தாக வையுங்கள். காட்சிப் பெயரை நம்பாதீர்கள், அதை நொடியில் மாற்றிவிடலாம். பல தளங்களில் கணக்குக்கு உள்ளே ஓர் எண் இருக்கும், பெயர் மாறினாலும் அது மாறாது. பிறகு பிரவுசரைத் திறப்பது முதல் கடைசிப் பின்னூட்டம் வரை திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். கணினியின் தேதியும் நேரமும் மூலையில் தெரியட்டும். பின்னூட்டங்களை விட்டுவிடாதீர்கள். அவதூறு என்றால் மூன்றாம் மனிதர் படித்திருக்க வேண்டும். "நம்ம ஊர் ஆள்தானே இவர்" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தால், படித்ததற்கும் அடையாளம் புரிந்ததற்கும் அதுவே சாட்சி.

அன்றே அந்தக் கோப்புகளுக்கு ஹாஷ் மதிப்பு எடுத்துவிடுங்கள்; கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற அடையாளக் குறி அது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் சாதனத்தைக் கையாண்டவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பும் அதைக் கணக்கிட்ட முறையும் வர வேண்டும். எடுத்தவர் யார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று ஆண்டு கழித்துக் கூண்டில் ஏற வேண்டியவர் அவர்தான். நாளைக்கு வெளிநாடு போகிறவரை வைத்து எடுக்காதீர்கள்.

அடையாளம் கிடைக்கும் கட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. தளம் தருகிற நேரம் பெரும்பாலும் சர்வதேசப் பொது நேரத்தில் இருக்கும். அதில் 20.10 என்று இருந்தால் நமக்கு அது மறுநாள் அதிகாலை 1.40. கைபேசி நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தாலோ, அந்தப் பலரில் ஒருவரைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணைக் கேட்க மறந்தாலோ, சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். அவதூறுக்கு நீதி கேட்கப் போய் இன்னொருவர் பெயரைக் கெடுப்பதை என்னால் மன்னிக்க முடியாது.

எழுதியவர் யார் என்று தெரியாவிட்டாலும் வழக்குத் தொடுக்கலாம். திரைப்படத் திருட்டு வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றத்தில் புழங்கிப் பழகிய "அசோக் குமார்" உத்தரவு, பெயர் தெரியாத பிரதிவாதிக்கு எதிரானதுதான். தளத்தையும் பிரதிவாதியாகச் சேர்த்து, கணக்கு விவரத்தைத் தரச் சொல்லிக் கேளுங்கள். நீக்கும் கோரிக்கை அதற்குப் பின்னால் வரட்டும்.

பெயர் போடவில்லையே

போட வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் யாரென்று புரிந்துகொண்டால் போதும். "அந்தத் தெரு முனை டாக்டர்" என்பதும் பெயர்தான்.

உண்மைதானே எழுதினேன்

எழுதுகிறவர்கள் அதிகம் நம்பும் கேடயம் இது. நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கில் உண்மை முழுத் தற்காப்பு. குற்றவியல் வழக்கில் அது மட்டும் போதாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆவது பிரிவிலும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவிலும், உண்மையாக இருப்பதோடு அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் பழைய மணமுறிவை எழுதிவிட்டு உண்மைதானே என்றால் மாஜிஸ்திரேட் கேட்க மாட்டார். இரண்டு ஆண்டுவரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை என்று தண்டனை இருக்கிறது. இப்படிப் பேச்சுக்குச் சிறை வைப்பது சரியா என்று கேட்ட வழக்கில், 2016 மே 13 அன்று உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. நஷ்டஈடே போதும் என்பது என் கருத்து. ஆனால் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லும்போது இருக்கிற சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும்.

காவல் நிலைய வாசலில் மாதக்கணக்கில் நிற்பது

அவதூறு, காவல்துறை தானாக வழக்குப் பதிவு செய்து விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், புகாரை எடுத்துக்கொள்வதற்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கட்சிக்காரரின் பெயரிலேயே, அவர் படத்தை வைத்தே போலிக் கணக்கு தொடங்கியிருந்தால் கதை வேறு. அது ஆள்மாறாட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி. அதற்குக் காவல்துறை வழக்குப் பதியலாம். ஜூனியர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே மனுவில் கலந்து, இரண்டையும் கெடுக்கிறார்கள்.

பகிர்ந்தது மட்டும்தான்

பகிர்வதும் வெளியிடுவதே. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றும், மன்னிப்புக் கேட்டு நீக்கிவிட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தார். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் மீதான வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. உச்சநீதிமன்றமும் தலையிடவில்லை. வாட்ஸ்அப் குழு அட்மின்கள் மட்டும் இவ்வளவு பயப்பட வேண்டாம். உறுப்பினர் போட்டதற்கு அட்மினைத் தண்டிக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

சம்பந்தமில்லாதவர் புகார் கொடுப்பது

நடிகை குஷ்புவின் ஒரு பேட்டிக்காகப் பல ஊர்களில் தொடரப்பட்ட 23 வழக்குகளை உச்சநீதிமன்றம் 2010இல் ரத்து செய்தது. மனம் புண்பட்ட எல்லோரும் பாதிக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார்கள்.

விமர்சனத்தை அடக்க இந்தச் சட்டத்தை எடுப்பது

என்னிடம் வருகிறவர்களில் பலரை நான் திருப்பி அனுப்புகிறேன். வீட்டை ஒழுங்காகக் கட்டித்தரவில்லை என்று ஒருவர் படத்தோடு எழுதுகிறார், கட்டியவர் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார். சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை என்று ஓர் ஊழியர் பெயரை மறைத்து எழுதுகிறார், முதலாளி ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். அந்த ஊழியருக்கு அந்தப் பெயரின்மைதான் வேலையைக் காப்பாற்றுகிறது. பெயரை மறைத்தவரெல்லாம் கயவர் என்று எண்ணுகிற வழக்கறிஞர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பேன்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வரம்பு இன்னும் கடுமை. ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதியதை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்த வழக்கில், வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று 1994இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அலுவல் சார்ந்த செயல்களைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார் என்று நிறுவினால்தான் அதிகாரிக்கு நஷ்டஈடு. தமிழ்நாடு அரசு பத்திரிகை ஆசிரியர்கள் மீது தொடுத்திருந்த பல அவதூறு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நம் மாநிலத்தில் வழக்கே தண்டனையாக இருந்த காலம் அது. வாய்தாவுக்கு வாய்தா ஊர் விட்டு ஊர் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"உடனே தடை வாங்கிக் கொடுங்கள்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். விசாரணைக்கு முன்பே கட்டுரையை முடக்குவது விதிவிலக்கான வழக்குகளில் மட்டுமே என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் மீண்டும் சொல்லியிருக்கிறது. தெரிந்தே புனைந்த பொய் என்று முதல் பார்வையிலேயே காட்ட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் தடை மனுவில் கட்சிக்காரரின் பணத்தைக் கரைக்காதீர்கள்.

காலக்கெடு

நஷ்டஈட்டு வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டு. குற்றவியல் புகாருக்கு மூன்றாண்டு. மாற்றி நினைக்காதீர்கள்.

சமையல்காரரின் வழக்கு

முழுதும் கை நழுவவில்லை. நம் புகாரின் பேரில் தளமே நீக்கிய பதிவு என்றால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தப் பதிவையும் அதனோடு சேர்ந்த விவரங்களையும் 180 நாள் அவர்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். நீதிமன்றம் சொன்னால் அதற்கு மேலும் வைக்க வேண்டும். எழுதியவரே நீக்கியிருந்தால் பதிவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. கணக்கையே மூடியிருந்தால், பதிவு செய்தபோது கொடுத்த விவரம் மட்டும் 180 நாள் இருக்கும்.

திங்களன்று தளத்தின் குறைதீர் அலுவலருக்குக் கடிதம் போய்விட்டது. பாதுகாத்து வைக்கவும் விவரம் தரவும் உத்தரவு கேட்கும் மனுவை ஜூனியர் தயாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்தவர் யார் என்று வாட்ஸ்அப் சங்கிலியில் பின்னோக்கி விசாரித்து, கட்சிக்காரரின் மைத்துனர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டோம். அவர் போனில் லிங்க் இன்னும் இருக்கிறது. போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பதிவு நீங்கி இன்று ஐந்தாம் நாள்.