வந்து வந்து மறையும் சென்சார் கோளாறு: பழைய வனகன் கேம்பரில் கண்டுபிடிக்கும் முறை

நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிய வண்டி திடீரென ஜெர்க் அடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுக்காது. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். 1986 முதல் 1991 வரை அமெரிக்காவில் விற்பனையான 2.1 லிட்டர் வோக்ஸ்வேகன் வனகன் கேம்பர்களில் (தங்கிப் பயணிக்கும் வேன்களில்) இது பெயர்போன தொல்லை. அங்கே ஓபிடி-2 (ஸ்கேனர் வைத்துக் கோளாறைப் படிக்கும் பொது ஏற்பாடு) கட்டாயமானது 1996-இல்தான் என்பதால், இதில் ஸ்கேனர் செருக இடமே கிடையாது. மல்டிமீட்டரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

தயவுசெய்து முதல் வேலையாகப் புது சென்சார் வாங்காதீர்கள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது கனெக்டரில் இருந்த களிம்பு உரசிப் போய்விடும். ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடும்; குற்றம் சென்சாருடையது என்று நம்பிவிடுவோம். பிறகு அதே ஜெர்க் திரும்பி வரும்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர், ஹேர் டிரையர், மெல்லிய உப்புத்தாள்.

1. கோளாறு வரும் நேரத்தைக் குறியுங்கள். எஞ்சின் சூடா, ஆறியதா? மழையா? டாக்கோமீட்டர் (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) இருந்தால் அதன் முள்ளையும் கவனியுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன் சிக்னல் அறுந்திருக்கிறது: 4-ஆம் படிக்குப் போகலாம். முள் நிலையாக இருந்து இழுவை மட்டும் போனால், சந்தேகம் எரிபொருள் பக்கம்.

2. எர்த். இடப்பக்க சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டிருக்கும் பழுப்பு ஒயர்களைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இடத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எல்லா சென்சார்களின் அளவும் இந்த எர்த்தை நம்பியே இருக்கிறது. இது ஆடினால் எல்லாமே பொய் சொல்லும்.

3. டெம்ப் 2 சென்சார். எஞ்சினின் சூட்டைக் கணினிக்குச் சொல்வது இது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் நீல நிறத்தில் இருக்கும். சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி அளந்தால் 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோஓம், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டி வர வேண்டும். தொடர்பு விட்டுப்போனால் எஞ்சின் உறைகுளிரில் இருப்பதாகக் கணினி எண்ணி, பெட்ரோலைக் கொட்டும், கரும்புகை வரும். டேஷ்போர்டு முள்ளுக்கு வேறு சென்சார், அதனால் முள் சரியாக நின்றாலும் இது கெட்டிருக்கலாம். மீட்டரைப் பார்த்தபடியே ஒயரையும் ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் லூஸ் கான்டாக்ட் அங்கேதான்.

4. ஹால் சென்சார். இக்னிஷன் சிக்னலைத் தருவது இதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இதன் மூன்று ஒயர்களின் உறை சூட்டில் காய்ந்து வெடிக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டரை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். டிரையரின் ஒயர் ஃபேன் பெல்ட் பக்கம் போக வேண்டாம். எஞ்சின் நின்று, ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

5. ஆக்சிஜன் சென்சார். இதன் பிளக்கை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஜெர்க் மறைந்தால் சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள்: உள்கம்பி அதன் வெளிப்பின்னலோடு உரசி ஷார்ட் ஆவது உண்டு.

6. ஏர்ஃப்ளோ மீட்டர். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது இது. முதலில் சொன்ன நெடுஞ்சாலை ஜெர்க்குக்கு முதன்மைச் சந்தேகம் இதன்மேல்தான். உள்ளே ஒரு கதவு, அதோடு நகரும் ஒரு தொடுமுனை, அதன் கீழ் கார்பன் தடம். ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும்போது தொடுமுனை ஒரே புள்ளியில் அதிர்ந்து தடத்தைத் தேய்த்துவிடும். பிளக்கைக் கழற்றி, 3, 4 முனைகளுக்கிடையே அளந்தால் 500 முதல் 1000 ஓம் வரை இருக்க வேண்டும். பிறகு 2, 3 முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, கதவை விரலால் மிக மெதுவாகத் தள்ளுங்கள். எண் மாறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது தொடர்பு அறுந்தால் ஏர்ஃப்ளோ மீட்டரை மாற்றுவதுதான் வழி. தடம் நன்றாக இருந்தும் ஜெர்க் தொடர்ந்தால், ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் ஒயரிங்குக்கும் இடையே செருகும் கெப்பாசிட்டர் ஒயரை முயன்று பாருங்கள். இந்தக் கோளாறுக்கென்றே வோக்ஸ்வேகன் அதைக் கொண்டுவந்தது. சிக்னலின் நடுக்கத்தை அது அடக்கும். அறுந்த தடத்தை ஒட்டாது.