உறைபனிக் காலையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவது எப்படி?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலத்தின் தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கி, புல்வெளியிலும் வண்டி இருக்கையிலும் உறைபனி படிந்துவிடுகிறது. முந்தைய மாலை வரை குறையின்றி ஓடிய மோட்டார் சைக்கிள், அந்தக் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தியதும் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிடுவது உள்ளூர்க்காரர்களுக்கும், கோவையிலிருந்து வந்து விடுதி வாசலில் வண்டியை நிறுத்தியவர்களுக்கும் நேர்வதுதான். குளிர்தான் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஈய-அமில பேட்டரியின் தகடுகளை விரைவாக அரிப்பது சமவெளியின் கோடை வெப்பமே. அவ்வாறு ஏப்ரல், மே மாதங்களில் வலுவிழந்த பேட்டரி, வெப்பமான ஊரில் எப்படியோ இன்ஜினைச் சுழற்றிச் சமாளித்துவிட்டு, மலைக்கு வந்த முதல் இரவிலேயே கைவிட்டுவிடுகிறது. ஆகவே பேட்டரியைச் சோதிக்கும் வேலையை மலையேறும் முன் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

குளிரில் மூன்று இடையூறுகள் ஒரே நேரத்தில் சேர்கின்றன. பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகி, 25 டிகிரியில் கிடைக்கும் திறனில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் பூஜ்ஜியம் டிகிரியில் கிடைக்கிறது. அதே வேளையில் இன்ஜின் ஆயில் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. பெட்ரோலும் எளிதில் ஆவியாகாததால், இன்ஜின் பற்றிக்கொள்வதற்கு நெடுநேரம் சுழல வேண்டியிருக்கிறது.

சோதனைக்குச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றே போதும். வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் சாவியைப் போடும் முன் பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால், நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி மின்னூட்டம்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். இந்த அளவு மட்டும் போதாது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் முதுமையடைந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டக்கூடும். செல்ஃபை அழுத்திக்கொண்டே மீட்டரைப் பார்த்து, அது 9.5 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், மின்னூட்டம் முழுமையாக இருந்தும் அப்படி விழுகிறதா என்று மறுமுறை பார்த்துவிட்டு, பேட்டரியை மாற்றிவிடுவதே நல்லது. இன்ஜின் மிதமான வேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். அதற்குக் குறைந்தால் குறை சார்ஜிங் பகுதியில் இருக்கிறது, புதிய பேட்டரி வாங்கினாலும் தீராது.

டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடா கலந்த வெந்நீரில் நனைத்த பழைய பிரஷால் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு திருகாணிகளை இறுக்கி, மேலே சிறிது வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். மின்னோட்டம் மிகுதியாகத் தேவைப்படும் குளிர்காலத்தில், தளர்ந்த இணைப்பு ஒன்றே வண்டியை நிறுத்திவிடப் போதுமானது.

இனி, பனிக்காலையில் கிளப்பும் முறையைப் பார்ப்போம். கார்புரேட்டரும் கிக்கரும் உள்ள வண்டியானால், சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடியை) முழுவதும் இழுத்துவிட்டு, சாவியைப் போடாமலே இரண்டு மூன்று முறை கிக்கரை மெதுவாக மிதியுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயில் அப்போது சற்று விடுபடும். பிறகு சாவியைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓங்கி மிதிக்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், சமவெளிக்கென அமைத்த கார்புரேட்டர் ஏற்கெனவே தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலைத்தான் கலந்து தருகிறது. எனவே இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியதும் சோக்கை எடுத்துவிட வேண்டும், மறந்தால் பிளக் கரி பிடித்துவிடும். பல முறை மிதித்தும் பற்றாமல் பெட்ரோல் வாடை அடித்தால், சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி சில முறை மிதித்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சோக் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓடும் மெல்லிய ஓசை கேட்கும். அது நிற்கும் வரை காத்திருந்து, கிளட்சைப் பிடித்தபடி செல்ஃபை அழுத்துங்கள். ஒருமுறைக்கு 5 வினாடிக்கு மேல் அழுத்தாமல், அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். அந்த இடைவெளியில் பேட்டரி ஓரளவு தெளிந்துகொள்ளும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடேறாது.

வண்டி எழுப்பும் ஒலியே குறையைச் சொல்லிவிடும். டக் டக் என்ற ஓசை மட்டும் வந்தால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. எந்த ஓசையும் இல்லையென்றால் கில் ஸ்விட்ச் (கைப்பிடியில் இன்ஜினை அணைக்கும் பொத்தான்), சைடு ஸ்டாண்டு, ஃப்யூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். இன்ஜின் வேகமாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறைகூறிப் பயனில்லை. பிளக் தொப்பிக்குள் பனிநீர் இறங்கியிருக்கிறதா என்று கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரி சோர்ந்துவிட்டால் தள்ளிக் கிளப்பலாம். இரண்டாவது கியரில் கிளட்சைப் பிடித்தபடி இறக்கத்தில் உருட்டி, வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, இன்ஜின் பிடித்ததும் மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். உறைபனி படிந்த சாலையிலும் வளைவுக்கு அருகிலும் இதைச் செய்யவே கூடாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் பம்ப் ஓடாது என்பதால் தள்ளுவது வீண். அப்போது காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கேபிள் மூலம் மின்சாரம் எடுக்கலாம். காரின் இன்ஜினை நிறுத்திவைத்து, பிளஸ்ஸைப் பிளஸ்ஸுடன் முதலில் இணைத்து, காரின் மைனஸை உங்கள் வண்டி இன்ஜினின் வெற்று உலோகத்தில் கடைசியாகக் கவ்வச் செய்யுங்கள்.

கிளம்பிவிட்டதாலேயே பேட்டரி நிறைந்துவிடாது. சந்தைக்குப் போய்த் திரும்பும் இரண்டு கிலோமீட்டர், ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரத்தைக்கூட ஈடுசெய்யாமல் போகலாம். கூடுதல் பனி விளக்கு பொருத்தியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சார்ஜரில் போடும்போது பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது 0.5 ஆம்பியர். கார் பேட்டரிக்கான வேகமான சார்ஜர் இந்தச் சிறிய பேட்டரிகளைப் பாழாக்கிவிடும்.

ஆயிலைப் பொறுத்தவரை, டப்பாவில் 10W-30 என்பதுபோல் எழுதியிருக்கும் குறியீட்டில் W எழுத்துக்கு முன்னுள்ள எண் சிறியதாக இருக்கும் அளவுக்குக் குளிரில் அது இளகி ஓடும். இருந்தாலும் வண்டியின் கையேடு அனுமதிக்கும் வகைகளுக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மலையில் நிரந்தரமாக வசிப்பவர்கள், பனி கடுமையாக இருக்கும் நாட்களில் பேட்டரியைக் கழற்றி இரவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். விடுதியில் தங்குபவர்கள், சுவரோரமாகக் கூரையின் கீழ் வண்டியை நிறுத்தி, சைலன்சர் ஆறிய பிறகு துணி உறையால் மூடினால் போதும். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், அதன் உட்புறத்தில் நீர் கோத்து ஒயர் இணைப்புகளில் சொட்டும்.