பழைய பள்ளிக் கட்டடத்தின் வரலாற்றைத் தேடும் முறை

ஓர் ஊரின் பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத முற்படுவோர், பள்ளி தொடங்கிய ஆண்டையும் கட்டடம் எழுந்த ஆண்டையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். முகப்பில் பொறித்திருப்பது எந்த ஆண்டு என்பதே பல ஊர்களில் தெளிவாக இராது. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் செய்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. எனினும் திண்ணையில் நடந்த பள்ளிக்குக் கட்டடம் ஏது?

அடுத்து, பள்ளி யார் பொறுப்பில் இருந்தது என்று பாருங்கள். 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டங்களுக்குப் பிறகு நகராட்சிகளும் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு போன்ற அமைப்புகளும் பள்ளிகளை நடத்தின. பின்னாளில் அவற்றில் பல ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. இன்றைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் எதுவும் அகப்படாது. கும்பகோணம் அரசுக் கல்லூரியே 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரியானது. அதன் முற்காலத்தை அறிய விரும்புவோர் 'பள்ளி' என்ற தலைப்பின்கீழ்த்தான் தேட வேண்டும்.

பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடும், நகர்மன்றத் தீர்மானப் புத்தகமும், வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள நில அளவைப் பதிவுகளும் உள்ளூரிலேயே பார்க்கக் கூடியவை. கல்வித்துறையின் பழைய ஆண்டறிக்கைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும்.

தலைமையாசிரியரின் அனுமதி பெற்றுக் கட்டடத்தையும் நேரில் ஆராய வேண்டும். காகிதம் சொல்லாததைக் கூரை சொல்வதுண்டு. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது. ஆகவே அவ்வகைச் சீமை ஓடு வேய்ந்த கூரை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஓட்டின் அடிப்புறத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடைந்த ஓடுகளை அவ்வப்போது மாற்றியிருப்பார்கள் என்பதால், ஓரிரு ஓடுகளை நம்பி முடிவு கட்டலாகாது. கூரையின் பல இடங்களிலும் பார்க்க வேண்டும். மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்ட மதராஸ் தளம் இருந்தால், அந்தப் பகுதி கான்கிரீட் பரவுவதற்கு முற்பட்டது என்று கொள்ளலாம். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று காலத்துக் கட்டுமானங்கள் கலந்திருப்பது இயல்பு. சுவர்கள் சேரும் இடங்களில் அந்த வேறுபாடு புலப்படும். வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்து மறைந்துபோன அடிக்கல்லைச் சுரண்டாமல், பக்கவாட்டில் விளக்கொளி பாய்ச்சிப் படியுங்கள்.

முதியவர்களின் நினைவு பெயர்களுக்கும் இடங்களுக்கும் பெரிதும் உதவும். ஆண்டுகளுக்கு அதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். எழுதும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் அருகிலேயே அது கல்லில் கண்டதா, பதிவேட்டில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்று குறித்துவிடுங்கள்.