கொட்டகையில் நிற்கும் பழைய கார்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் கொட்டகையில், டயர் அமுங்கிப் போன அம்பாசடரையோ மாரிஸ் மைனரையோ கண்டவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். எஞ்ஜின் ஜாம் ஆகியிருந்தாலும் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் லேத் பட்டறை இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும் கதவடியில் உள்ள துருவும் அப்படி எளிதில் வழிக்கு வருவதில்லை.

பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டில், கார் மட்டும் ஒருவருக்குச் சொந்தம் என்று நினைப்பது பெரிய தவறு. அது எப்போதோ காலமான ஐயாவின் பெயரிலேயே இருக்கும். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று சாவியை வைத்திருக்கும் ஆச்சி மனதாரச் சொன்னாலும், அந்தச் சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, பிறகு உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 29, 30 என்று வரிசையாக வேலை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளி ஒருவரின் ஒப்புதல் வராமல் எல்லாம் நின்றுபோவதும் உண்டு. காரில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே விலை பேசுங்கள்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியைத் தவறாகப் புரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். பாடியையும் எஞ்ஜினையும் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது என்பதால், பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் எஞ்ஜின் ஏற்றிய பழைய அம்பாசடரை இந்தக் கணக்கில் வாங்குவது வீண்.

துருவைப் பொறுத்தவரை, அம்பாசடர், பழைய ஃபியட், மாரிஸ் மைனர் மூன்றிலும் தனிச் சேசிஸ், அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது; பாடியே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவடிப் பெட்டியும் தரைத் தகடும் அரித்துப் போயிருந்தால் அது வெறும் டிங்கரிங் வேலை அன்று, காரின் முதுகெலும்பு வேலை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, ஆனால் அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளைப் படுத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை மட்கார்டின் மேல் நகர்த்துங்கள்; பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கார் என்றால் பாடிக்குள் மரச்சட்டம் இருக்கக்கூடும். வெளித்தகடு பளபளப்பாகவே இருக்க, உள்ளே கறையான் வேலையை முடித்திருக்கும்.

உதிரிகளில் பிஸ்டனைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் குரோம் வளையம், சின்னம், கண்ணாடி, மீட்டர் ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. இவற்றைத் தேடி அலைவதிலேயே ஆண்டுகள் போய்விடும்.

கொட்டகையிலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லாதீர்கள்: டேங்கில் பிசினாகிப் போன பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய் அடைக்கும். பழைய ரப்பர் குழாய்கள் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது என்பதால், அவற்றையும் பிரேக் சிலிண்டர் ரப்பர்களையும் மாற்றும் செலவை விலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாட்டுவதிலும் நிதானம் தேவை. மாரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். வழக்கம்போல எதிர்முனையை மாட்டிய என் நண்பர் ஒருவர், அந்த மாலையிலேயே டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டைக் கருக்கிவிட்டு, வாங்கிய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.