பனி ஊருக்குப் பிள்ளைங்களோட போறீங்களா? தங்குற எடத்த நம்ம வீடா மாத்துறது எப்படி

கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல பொறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு குளிர்னா என்ன தெரியும், ஏர்கோன 18ல வச்சா வருமே அதுதான் குளிர். அந்தப் பிள்ளைங்கள இழுத்துகிட்டு ஜப்பான்ல இருக்கற ஹொக்கைடோவுக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டோம். பெரியவளுக்கு இப்ப 5, சின்னவனுக்கு 2, கூட என் மாமியார். முதல் தடவ மூணாவது நாளே "வீட்டுக்குப் போலாம்மா"ன்னு ஒரே ஒப்பாரி. ரெண்டாவது தடவ கெளம்புற அன்னைக்கு சின்னவன் கதவப் புடிச்சிகிட்டு வரமாட்டேன்னுட்டான். ரெண்டு தடவையும் அதே ஊர், அதே பனி, மாத்துனது தங்குன எடத்தையும் அத நாங்க வச்சிகிட்ட விதத்தையும் மட்டுந்தான்.

இத யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். ஜனவரியில அங்க நாலரை மணி வாக்குல இருட்டிடும். ரெண்டு மூணு வயசுப் பிள்ளை வெளிய பனியில தாக்குப்புடிக்கிறது ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒன்றரை. மிச்ச நேரம் பூரா உள்ளதான். எல்லாரும் ஸ்கீ கிளாஸ், ஜாக்கெட்டுன்னு வெள்ளி வெள்ளியா கொட்டிட்டு ரூம மட்டும் எது சீப்போ அத புக் பண்றாங்க, நாங்களும் அதத்தான் பண்ணோம்.

ஸ்டெப் 1: புக் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க

நாங்க போனது ஹொக்கைடோவுல நிசேக்கோங்கற ஸ்கீ ஊர். கேஎல்லருந்து ஏர்ஏசியா எக்ஸ் நேரா நியூ சித்தோசே ஏர்போர்ட்டுக்கு போகுது, அங்கருந்து பஸ்ல இன்னும் ரெண்டரை மூணு மணி நேரம். (அங்க இருக்கற நிசேக்கோ வில்லேஜ் ரிசார்ட் 2010லருந்து நம்ம மலேசியா கம்பெனி ஒய்டிஎல்லுக்குச் சொந்தம், பஸ்ல வர்றப்ப வீட்டுக்காரர் இத நாலு தடவ சொல்லிட்டார்.) சீனப் பெருநாள் வாரத்துல மட்டும் போகாதீங்க, விலைய பாத்தா கண்ணு கட்டும்.

தங்கப்போற எடத்துக்காரங்களுக்கு மெசேஜ் போட்டு இதெல்லாம் கேட்டுருங்க. ட்ரையிங் ரூம் இருக்கா, அதாவது ஈர பூட்ஸ், கையுறை எல்லாம் காய வைக்கிற சூடான ரூம். படிக்கட்டு இருந்தா மேலயும் கீழயும் கேட் போட்டுத் தருவாங்களா. தொட்டில், குட்டி நாற்காலி, பிள்ளை கட்டில்லருந்து விழாம தடுக்கற பெட் கார்ட் இருக்கா. வாஷிங் மெஷின் இருக்கா. ஸ்கீ லிஃப்ட்டுக்கோ ஷட்டில் பஸ் நிக்கிற எடத்துக்கோ எவ்வளவு தூரம். "நடந்து போற தூரந்தான்"னு பதில் வந்தா எத்தன மீட்டர்னு திரும்பக் கேளுங்க. பெரியவங்களுக்கு 300 மீட்டர் ஒண்ணுமே இல்ல, ஸ்கீ பூட்ஸ் போட்ட 4 வயசுப் பிள்ளைக்கு அது பத்துமலை படி மாதிரி. ஸ்ட்ரோலர் பனியில உருளாது, கொண்டு போயி அவமானப்பட்டதுதான் மிச்சம். அதுக்குப் பதிலா பனிச்சறுக்கு வண்டி ஒண்ணு கேளுங்க, ஜப்பான்காரங்க அத சோரின்னு சொல்வாங்க, என் மாமியார் கடைசி வரைக்கும் எதுக்கு எல்லாரும் நம்மகிட்ட ஸாரி சொல்றாங்கன்னு கேட்டுகிட்டே இருந்தாங்க. பிள்ளைய அதுல ஒக்கார வச்சி கயித்தப் புடிச்சி இழுத்துகிட்டுப் போனா அழுகையே இல்ல.

தத்தாமி ரூம், அதாவது தரை பூரா பாய் போட்ட ரூம் இருக்கற எடம் கெடச்சா விடாதீங்க. தரையில மெத்த விரிச்சிப் படுக்கறது நம்மளுக்கு ஒண்ணும் புதுசில்ல, பிள்ளை உருண்டு விழுமேன்னு பயமும் இல்ல.

ஸ்டெப் 2: கேஎல்லருந்து எத எடுத்துட்டுப் போறது

மொதல்ல எத எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லிடறேன். ரைஸ் குக்கர். முதல் தடவ நான் துணியெல்லாம் சுத்தி பத்திரமா கொண்டு போனேன், அடாப்டரும் வாங்கிட்டேன், அரிசிய போட்டு ஸ்விட்ச தட்டி ஒரு மணி நேரம் கழிச்சித் தொறந்தா அரிசி வெதுவெதுன்னு தண்ணியில குளிச்சிகிட்டு இருக்கு. நம்ம ஊரு கரண்ட் 240 வோல்ட், ஜப்பான்ல 100. அடாப்டர் பின்ன மட்டுந்தான் மாத்தும், வோல்ட்ட மாத்தாது, அதனால நம்ம குக்கர் அங்க ஆறுல ஒரு பங்கு சூடுதான் குடுக்கும். பால் பாட்டில் வார்மர், கெட்டில், ஹேர் டிரையர் எல்லாத்துக்கும் இதே கததான். போன் சார்ஜர் மட்டும் பெரும்பாலும் 100லருந்து 240 வரைக்கும் தாங்கும், மேல எழுதியிருக்கும் பாத்துக்குங்க, அதுக்கு ரெண்டு தட்டை முள்ளு இருக்கற அடாப்டர் போதும்.

சாப்பாட்டு சாமான்ல கவனமா இருங்க. கோழி, ஆடு, எறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள்ள விடமாட்டாங்க, சம்பல்ல போட்டு பாக்கெட் பண்ணதா இருந்தாலும் சரி, கறிவேப்பில, பச்ச மிளகா, பழமும் கூடாது. சீல் பண்ண மசாலாத்தூள் பாக்கெட், ரசப்பொடி, மைலோ, இதெல்லாம் நாங்க கொண்டு போனோம், ஒண்ணும் சொல்லல.

துணிமணிக்கு பழைய துணி விக்கற பண்டல் கடைதான் என் சிபாரிசு. பிள்ளைங்க ஜாக்கெட் ஒரே சீசன்ல சின்னதாயிடும், புதுசு வாங்கறது வீண். ஆனா உள்ள போடற பனியன் காட்டனா இருக்கக்கூடாது, வேர்த்தா ஈரத்த புடிச்சி வச்சிகிட்டு அப்படியே ஒடம்ப சில்லுன்னு ஆக்கிடும். கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்க. கையுறை ஆளுக்கு ரெண்டு ஜோடி, வெரல் தனித்தனியா இல்லாம மொத்தமா இருக்கறது, 2 வயசுப் பிள்ளைக்கு அஞ்சு வெரலயும் தனித்தனியா நுழைக்கறதுக்குள்ள பஸ் போயிடும்.

ஸ்டெப் 3: உள்ள நுழைஞ்ச முதல் ஒரு மணி நேரம்

செக்கின் பொதுவா சாயங்காலம் மூணு மணிக்குத்தான், ஒன்றரை மணி நேரத்துல இருட்டு. பிள்ளைங்க பனியப் பாத்து குதிக்கும், ஒருத்தர் வெளிய கூட்டிகிட்டுப் போங்க, இன்னொருத்தர் உள்ள வேலைய பாருங்க.

மொதல்ல வாசல். ஜப்பான் வீட்டுல வாசல்ல ஒரு படி கீழ செருப்பு விடற எடம் இருக்கும், கெங்கான்னு சொல்வாங்க, நம்மளும் செருப்ப வெளிய விடற ஆளுங்கதான், பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கவே வேணாம். அங்க ஆளுக்கொரு கூடை வைங்க, கூடை இல்லன்னா கடைப் பை. தொப்பி, கையுறை, கழுத்துத் துணி எல்லாம் அந்தந்தக் கூடைக்குள்ள. பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி கீழ வைங்க. முதல் தடவ தெனமும் காலையில ஒத்தக் கையுறைய தேடியே அரை மணி நேரம் போச்சு, வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்ட வந்ததெல்லாம் அங்கதான். இன்னொண்ணு, உடுப்ப எல்லாம் மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போக வைங்க. அஞ்சு லேயரயும் போட்டு முடிச்சப்புறம்தான் அதுங்களுக்கு வரும்.

அப்புறம் முட்டி போட்டு பிள்ளை உயரத்துல வீட்ட ஒரு சுத்து சுத்துங்க. ஹீட்டர், டேபிள் மூலை, தொங்குற ஒயர், ஜன்னல் கொண்டி. டாய்லெட்ல பட்டன் பட்டனா இருக்கும், சின்னவன் அமுக்கி சுவரெல்லாம் தண்ணி, எந்தப் பட்டன் நிறுத்தும்னு மொதல்லயே பாத்து வச்சிக்குங்க.

கூரைக்கு நேர் கீழ வெளிய வெளையாட விடாதீங்க. மேல சேர்ந்த பனி திடீர்னு மொத்தமா சரிஞ்சு விழும், அது பஞ்சு மாதிரி இருக்காது, கல்லு. பனி பொம்மைய கூரைய விட்டு நல்லா தள்ளி கட்டுங்க.

ஸ்டெப் 4: சூடு, காத்து

நம்மாளுங்க பண்ற தப்பு, குளிருதுன்னு ஹீட்டர 28ல வைக்கறது. பிள்ளை வேர்த்துப்போயி ராத்திரி பூரா பொரண்டுகிட்டே இருக்கும். 20, 22 போதும். ஹீட்டர் காத்து ரொம்ப வறட்சி, எங்க பெரியவளுக்கு ரெண்டாவது நாளே மூக்குல ரத்தம். ஹியூமிடிஃபையர் கேட்டுப் பாருங்க, இல்லன்னா படுக்கறப்ப ஈரத்துண்டு ரெண்ட கட்டிலுக்குப் பக்கத்துல தொங்க விடுங்க, காலையில காஞ்சி மொடமொடன்னு நிக்கும். தேங்காயெண்ணெ கொண்டு போனா பெட்டியிலயே கல்லாயிடும், 24 டிகிரிக்குக் கீழ அது உறையற சாமான், அதனால மூஞ்சிக்கும் உதட்டுக்கும் வாசலின் எடுத்துக்குங்க.

பழைய வீடா இருந்தா மண்ணெண்ணெ ஹீட்டர் இருக்கும். இதுல வெளையாட்டே வேணாம். மணிக்கு ஒரு தடவ ரெண்டு தடவ ஜன்னலத் தொறந்து காத்து மாத்தணும், எரியவிட்டுட்டு தூங்கக்கூடாது. சுவர் வழியா பொகக்குழாய் வெளிய போற ஹீட்டர்னா அந்தக் குழாய் வாய பனி மூடாம இருக்கான்னு காலையில ஒரு தடவ பாருங்க. மூடிட்டா கார்பன் மோனாக்ஸைடு உள்ள திரும்பும், அதுக்கு வாசனையும் கெடையாது. புக் பண்றப்பவே எந்த மாதிரி ஹீட்டர்னு கேட்டுட்டா இன்னும் நல்லது, எனக்கு பிள்ளை இருக்கற வீட்டுல மண்ணெண்ணெ ஹீட்டர் வேண்டவே வேண்டாம்.

ஸ்டெப் 5: குளியல்

பனியிலருந்து வந்தோன சுடுதண்ணி தொட்டிதான் பிள்ளைங்களுக்கு சொர்க்கம். சுவர்ல ஒரு பேனல் இருக்கும், அதுல எத்தன டிகிரின்னு காட்டும், பெரும்பாலும் 40, 42ல இருக்கும், நம்ம பிள்ளைங்களுக்கு 38க்கு இறக்கிடுங்க. ஜப்பான் தொட்டி நல்ல ஆழம். அவங்க ஒரே தண்ணிய எல்லாரும் மாத்தி மாத்தி குளிக்கறதுக்கு விட்டு வைப்பாங்க, நீங்க அப்படி வைக்காதீங்க, குளிச்சி முடிச்சோன தண்ணிய வடிய விட்டுட்டு கதவ சாத்துங்க. வெளிய இருக்கற பொது ஒன்சென்ல, அதாவது வெந்நீர் ஊத்துக் குளியல்ல, டயப்பர் போடற பிள்ளைங்கள பல எடத்துல சேக்க மாட்டாங்க, கேட்டுட்டுப் போங்க.

ஸ்டெப் 6: சோறு

இங்கதான் பிள்ளைங்க மனசே இருக்கு. அங்க இருக்கற ரைஸ் குக்கர்ல எல்லாம் ஜப்பான் எழுத்துதான், போன் கேமராவ காட்டி மொழிபெயர்த்துப் பாத்து சோறாக்கறதுன்னு அர்த்தம் வர்ற பட்டன (சுய்ஹான்) அமுக்குங்க, அவ்வளவுதான். அரிசி அங்கயே வாங்கலாம், கொழகொழன்னு ஒட்டும், ஆனா தயிர்சாதத்துக்கு அத விட்டா வேற அரிசி கெடையாதுன்னு என் மாமியாரே சொல்லிட்டாங்க. தயிருக்கு மெய்ஜி பல்கேரியா, சக்கரை போடாத ப்ளெயின் டப்பா, எல்லா கடையிலயும் இருக்கு. சூப்புன்னு பாத்தா நெறையத்துல மீன் சாறு, சைவக்காரங்க மிசோ சூப்ப கூட நம்பி வாங்கிடாதீங்க. ஹொக்கைடோ பூரா செய்கோமார்ட்னு ஒரு கடை இருக்கும், அதுல சில கடையில அங்கயே சமைச்ச சூடான சோறு விப்பாங்க, சமைக்க முடியாத அன்னைக்கு தப்பாவ் (பார்சல்) பண்ணிக்கலாம்.

தாளிக்கறப்ப ஜாக்கிரதை. காஞ்ச மிளகாய போட்டேன், பொக அலாரம் கூவ ஆரம்பிச்சிருச்சி, பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியாக்காரர் பைஜாமாவோட ஓடி வந்துட்டார், வெளிய மைனஸ் 8. மொதல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், அப்புறம் மெல்லிசா சூடு, மிளகா கடைசியா. அடுப்பு பல எடத்துல இண்டக்ஷன், அலுமினியச் சட்டி வேலைக்கு ஆகாது.

ஸ்டெப் 7: நாலரை மணிக்கு அப்புறம்

இருட்டுனதுக்கும் தூங்கறதுக்கும் நடுவுல நாலு மணி நேரம் இருக்கு. டேப்லெட்ட குடுத்தா ஒரு மணி நேரம் ஓடும், அப்புறம் அதுங்க ரெண்டும் அடிச்சிக்கும். ஹால்ல ஒரு மூலைய அதுங்களுக்கே குடுத்துருங்க, போர்வையில கூடாரம் கட்டி வீட்டுலருந்து கொண்டு வந்த தலகாணி உறைய உள்ள போடுங்க, அந்த வாசனைக்கே சின்னவன் அடங்கிடுவான். வெளியருந்து ஒரு பேசின் நெறைய பனிய அள்ளி வந்து குளியலறையில வச்சி கரண்டி, கப்பு குடுத்தீங்கன்னா முக்கா மணி நேரம் சத்தமே வராது. மைலோவ ஊத்தி ஐஸ் கச்சாங் பண்றேன்னு பெரியவ ஆரம்பிச்சா, திங்க விடல, அது தனி சண்ட.

டயப்பர், குப்பை எல்லாம் அங்க பிரிச்சிப் பிரிச்சிப் போடணும், எது எந்தப் பையின்னு அந்த எடத்துக்காரங்கள முதல் நாளே கேட்டு வச்சிக்குங்க.

கடைசி ராத்திரி எல்லா ஜாக்கெட்டையும், பூட்ஸையும், பூட்ஸுக்குள்ள இருக்கற துணி உறைய வெளிய உருவியும், ட்ரையிங் ரூம்ல நல்லா காய விட்டு எடுத்துட்டு வாங்க. கொஞ்சம் ஈரத்தோட மடிச்சி வச்சாலும் கேஎல் புழுக்கத்துல ரெண்டே நாள்ல பூஞ்சை புடிச்சிடும், எங்க அக்கா பிள்ளைங்களுக்கு குடுக்கறேன்னு வச்சிருந்த ரெண்டு ஜாக்கெட் அப்படித்தான் குப்பைக்குப் போச்சு.