கறி மாட்டு இனங்களை ஒப்பிடும்போது தாயையும் எடை போடுங்கள்

ஒரே காலையில் இரண்டு கன்றுகளை எடைமேடையில் ஏற்றினேன். ஷரோலே கன்று 270 கிலோ, ஆங்கஸ் கன்று 210. கூட நின்றவர்கள் எல்லாரும் ஷரோலேதான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஈற்றுத் தேதி எழுதிய நோட்டைப் புரட்டியபோதுதான் ஷரோலே கன்று 50 நாள் மூத்தது என்று தெரிந்தது.

அதனால் முதல் வேலை வயதைச் சமப்படுத்துவது. இதற்கு 205 நாள் கணக்கு இருக்கிறது: 205 நாள் வயதில் ஒவ்வொரு கன்றும் எத்தனை கிலோ இருக்கும் என்று பார்ப்பது. இன்றைய எடையில் பிறந்த எடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்து, 205ஆல் பெருக்கி, பிறந்த எடையைத் திரும்பக் கூட்டுங்கள். ஷரோலே பிறக்கும்போது 45 கிலோ, வயது 250 நாள்: கணக்கில் வருவது 229.5 கிலோ. ஆங்கஸ் 34 கிலோ, 200 நாள்: 214.4 கிலோ. 60 கிலோ வித்தியாசம் 15 ஆகிவிட்டது. தலையீற்றுக் கிடாரிக்குப் பால் குறைவு, அதன் கன்றைத் தனியாக வைத்துப் பாருங்கள்.

அப்புறம் தாயை மேடையில் ஏற்றுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். ஷரோலே பசு 750 கிலோ, ஆங்கஸ் பசு 540. தாயின் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் ஷரோலே கொடுத்தது சுமார் 31 கிலோ கன்று, ஆங்கஸ் கொடுத்தது சுமார் 40. வருஷம் முழுக்கத் தின்கிறவள் தாய். பெரிய பசு மேய்ச்சலையும் பெரிதாகவே கேட்கும்.

அதற்காக ஷரோலேயைத் தள்ள வேண்டாம். சின்ன உடம்புப் பசுக்களோடு ஷரோலே காளையை விட்டு, பிறக்கும் கன்றுகளை எல்லாம் விற்றுவிடுவது நல்ல வழி. கிடாரிகளோடு மட்டும் விடாதீர்கள். கன்று பெரிதாக இருந்து ஈற்று சிக்கலாகும். கன்று செத்துப் பிறந்தால் அந்த வருஷம் முழுக்கத் தின்ற தீவனம் வீண். என்னைக் கேட்டால், கன்று ஈனும் எளிமைக்கு எடைக்கு நிகரான மதிப்பெண் கொடுப்பேன். பெல்ஜியன் ப்ளூவின் திரண்ட சதைக்குக் காரணம் ஒரு மரபணு மாற்றம். ஆனால் அந்த இனத்தில் பெரும்பாலான ஈற்றுகள் அறுவை சிகிச்சையில்தான் முடிகின்றன.

வெயிலும் உண்ணியும் உள்ள இடத்தில் ஐரோப்பிய இனங்கள் நிழலில் நின்று மூச்சு வாங்கும், பிராமன் மேய்ந்துகொண்டிருக்கும். ஓங்கோல், கிர், காங்கிரேஜ் ஆகிய இந்திய மாடுகளின் ரத்தத்தில் உருவான இனம் அது. கறி கொஞ்சம் கெட்டி, பருவத்துக்கு வருவதும் தாமதம். அதனால்தான் எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஆங்கஸ் கலந்து பிராங்கஸ் உருவானது.

கறியைப் பொறுத்தவரை, சதைக்குள் நூல் நூலாகக் கொழுப்பு ஓட வேண்டுமென்றால் வாக்யு, ஆங்கஸ். கொழுப்புக் குறைந்து, உயிர் எடையில் கறி அதிகம் தேற வேண்டுமென்றால் லிமோசின்.

சரி, நான் இரண்டு கன்றை வைத்துச் சொன்னது கணக்குப் போடும் முறைக்காக மட்டும். ஒரே காளையின் கன்றுகளைப் பார்த்தால் அந்தக் காளையைத்தான் அளக்கிறீர்கள். இனத்துக்கு மூன்று நான்கு காளைகளின் கன்றுகளையாவது, ஒரே பருவத்தில், ஒரே மேய்ச்சலில் விட்டு எடை போடுங்கள்.