7எஸ்26-ஐ எடுத்துவிட்டு என்ஹெச்36 போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் தன் சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 கைக்கடிகாரத்தைக் கழற்றிய நிலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்தான். உள்ளே ஓடும் இயந்திரத்தை, அதாவது மூவ்மெண்ட்டை, மாற்றப் பார்த்திருக்கிறான்: பழைய 7எஸ்26-க்குப் பதில் என்ஹெச்36. "அண்ணே, ரெண்டும் ஒரே குடும்பம்தானே, அப்படியே உட்காரும்னு நெனச்சேன்" என்றான். ஸ்டெம்மை, அதாவது பக்கவாட்டுத் திருகான க்ரவுனை மூவ்மெண்ட்டோடு இணைக்கும் கம்பியை, பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சில வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு.

அவன் சொன்னதில் பாதி உண்மைதான். இரண்டும் மணிக்கு 21,600 துடிப்பு, முள் துளைகளும் ஒன்றே. 7எஸ்26-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, க்ரவுனை இழுத்தால் செகண்ட் முள் நிற்காது. என்ஹெச்36-ல் இரண்டும் உண்டு. ஆசைப்பட்டு மாற்றுவதில் தவறே இல்லை. தூசி படாமல் பார்த்துக்கொள், டயலை விரலால் தொடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

ஸ்டெம்மை அவசரப்பட்டு வெட்டுவது

புது மூவ்மெண்ட்டோடு வரும் ஸ்டெம் நீளமாக இருக்கும், நம் கேஸுக்கு ஏற்றபடி நாம்தான் வெட்ட வேண்டும். நான் மூவ்மெண்ட்டைச் சும்மா கேஸுக்குள் வைத்து, சுற்றி வரும் பிளாஸ்டிக் வளையத்தைப் போடாமலேயே, ஸ்டெம்மைச் செருகி அளந்தேன். வளையம் இல்லாவிட்டால் மூவ்மெண்ட் உள்ளே ஆடும், கொஞ்சம் நகர்ந்தாலும் அளவு பொய். அது எனக்கு அன்று உறைக்கவில்லை. வெட்டினேன், தனியாக வாங்கியிருந்த க்ரவுனை மாட்டித் திருகினேன், நன்றாக இறுகியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

உண்மையில் இறுகியது க்ரவுன் இல்லை. இப்படித் திருகி மூடும் க்ரவுனுக்குள் ஒரு சின்ன சுருள்வில் இருக்கும், ஸ்டெம் கொஞ்சம் நீளமாகிவிட்டால் க்ரவுன் கேஸோடு சேர்வதற்கு முன்பே அந்த வில் முழுக்க அமுங்கி முட்டிக்கொள்ளும், கைக்கு அது "டைட்" ஆன மாதிரியே தெரியும். பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருந்தால் முடி அளவு இடைவெளி கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை. 200 மீட்டர் ஆழம் தாங்கும் டைவர் கடிகாரம்தானே என்று கடலில் குளித்தேன். சாயங்காலம் கண்ணாடிக்குள் நான்கு மணிப் பக்கம் பனி படர்ந்த மாதிரி ஒரு வெள்ளை. மறுநாள் திறந்தபோது ஸ்டெம்மும் அதைச் சுற்றியிருந்த பாகங்களும் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. உப்புத் தண்ணீர் ஒரு இரவு கூடப் பொறுக்காது. புது மூவ்மெண்ட் போச்சு, டயல் போச்சு, இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் ஐந்து நிமிடப் பொறுமை போதுமாயிருந்தது.

ஆகவே திறக்கும் முன்பே, பழைய க்ரவுன் மூடியிருக்கும் நிலையைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டயல், வளையம் எல்லாம் போட்டபின் அளந்து, கணக்கு வந்ததைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். அப்புறம் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் மாட்டிப் பாருங்கள். திருகினால் போட்டோவில் உள்ளபடி உட்கார வேண்டும், அவிழ்த்தால் மரையை விட்டு முழுதாக வெளியே வர வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் சாவி கொடுக்கும்போதே மரையில் உரசும், அந்த ஸ்டெம் குப்பைக்குத்தான், ஆனால் ஸ்டெம் மலிவு. கையில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டே உட்காருங்கள். க்ரவுனை ஸ்டெம்மோடு ஒட்டும் பசை கடைசியில்தான். தண்ணீரில் இறங்கும் முன் கடையில் கொடுத்து அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.

தேதி வளையம்

எஸ்கேஎக்ஸ்-ல் க்ரவுன் மூன்று மணியில் இல்லை, நான்குக்குச் சற்று மேலே. கிழமை, தேதி வளையங்கள் எந்த க்ரவுன் இடத்துக்கானவை என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகமிருந்தால் பழைய மூவ்மெண்ட்டின் வளையங்களையே மாற்றிப் போடலாம். கிழமை வளையத்தைப் பிடித்திருக்கும் அந்தக் குட்டிக் கிளிப்பை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள், பறந்தால் பைக்குள்ளேயே இருக்கும்.

முட்கள்

தேதி "டக்" என்று மாறும் வரை முன்பக்கமாகச் சுற்றி, அங்கே நிறுத்தி, சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் பன்னிரண்டில் வையுங்கள். அழகாக இருக்கிறதே என்று ஈடிஏ 2824 என்ற வேறொரு மூவ்மெண்ட்டுக்கான செகண்ட் முள்ளை வாங்காதீர்கள். அதன் துளை 0.25, இதற்குத் தேவை 0.20 மில்லிமீட்டர்.

இரவு 9 முதல் காலை 4 வரை

தேதியைத் திருகாதீர்கள்.

டைம்கிராஃபர்

கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்று அளக்கும் இந்தக் கருவியில், லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 53 டிகிரிக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

பழைய மூவ்மெண்ட்டை விற்றுவிடுவது

வேண்டாம். கடலில் போன என்ஹெச்36-க்குப் பதிலாக அந்தப் பழைய 7எஸ்26-ஐயே மறுபடி போட்டு எட்டு மாதம் கட்டினேன்.